மூன்றாம் மாடி ஜோஷி காகாவும் முதல் பத்தி உபயமும்

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று உலகத்துக்கே கதவைத் திறந்து வைத்திருக்கும் ஓர் இணையக் கலைக்களஞ்சியம் உண்டு. 'அம்மா, தயவுசெய்து நீங்கள் மட்டும் எழுத வேண்டாம்' என்று அந்தக் கலைக்களஞ்சியமே கேட்டுக்கொண்ட ஆள், எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். (அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். என் மீதான தடை இன்னும் நீங்கவில்லை. எதுக்கு வம்பு?)

நான் மும்பையில், செம்பூரில் குடியிருக்கிறேன். ஐரோலியில் ஒரு பெரிய ஐ.டி. கம்பெனியில் வேலை. அங்கே கம்ப்யூட்டரைக் கரைத்துக் குடித்தவர்கள் மாடி மாடியாக இருக்கிறார்கள். நான் அவர்கள் வீட்டுக்குப் போக வண்டி ஏற்பாடு செய்கிறவள். யார் எந்த வண்டியில் ஏற வேண்டும், கேன்டீன் சாம்பார் ஏன் பாயசம் மாதிரி இருக்கிறது, இவைதாம் என் துறை. ஆனால் எங்கள் தமிழ் மன்றத்தில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. 'நம்ம கோமதி ஐ.டி.ல இருக்கா' என்று எல்லாரும் பெருமையாகச் சொல்லும்போது, அதை மறுத்து அவர்கள் மனத்தைப் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை.

எங்கள் மன்றத்தின் பெயர் ஞாயிறு மாலைத் தமிழ் மன்றம். மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒற்றை அறை. தலைவர் செல்லையா அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கம்; தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருக்கிறார். செயலாளர் வைத்தி மாமா, மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்து, ஆபீஸ் ஆபீஸாகக் கடிதம் எழுதி ஓய்வு பெற்றவர். இவர் பேசும் தமிழும் அவர் பேசும் தமிழும் சந்திக்கும் ஒரே இடம் அந்த அறைதான். பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, பொங்கல், பட்டிமன்றம், அப்புறம் பட்டிமன்றத்தில் யார் நடுவர் என்பது பற்றிய தனிப் பட்டிமன்றம் என்று எல்லாம் அங்கேதான்.

அண்ணாச்சிக்கு ஒரு கொள்கை உண்டு. மன்றத்தில் எந்தப் பொருளும் அநாதையாக இருக்கக் கூடாது. கொடுத்தவர் பெயர் அதில் இருந்தே ஆக வேண்டும். டியூப் லைட்டில் 'உபயம்' என்று தொடங்கி ஊர், பெயர், கடை விலாசம் வரை எழுதியிருப்பதால், வெளிச்சம் எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் சந்துகள் வழியாகத்தான் கீழே இறங்கும். மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் மூன்று சகோதரர்களின் பெயர்கள். ஓடும்போது ஒற்றுமையாகச் சுற்றுவார்கள். நிறுத்தினால்தான் ஒருவர் பெயரைச் சுரண்டியிருப்பது தெரியும். (சொத்துத் தகராறு.) தண்ணீர் டிரம்மில் கட்டியிருக்கும் டம்ளர் ஒரு குடும்பத்தின் உபயம், அந்தச் சங்கிலி இன்னொரு குடும்பத்தின் உபயம்.

இந்தக் கொள்கைதான் பிற்பாடு என் கழுத்துக்குக் கத்தியாக வந்தது.

கட்டடத்தை இடித்துவிட்டு டவர் கட்டுவது என்று முடிவாகியிருந்த சமயம். வீடு வைத்திருந்தவர்களுக்குப் புதிய வீடு, கடை வைத்திருந்தவர்களுக்குப் புதிய கடை. மன்றம் வீடும் இல்லை, கடையும் இல்லை. புதிய கட்டடத்தில் எங்களுக்கு அறை உண்டா இல்லையா என்பதை, குடியிருப்போர் எல்லாரும் சேர்ந்து சொசைட்டி கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்வார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அறை போனால் மன்றமும் போயிற்று. மாட்டுங்காவில் இன்னொரு அறை பிடிக்க எங்களால் ஆகாது.

எனக்கு அந்த அறை மேல் ஒரு பாசம் உண்டு. கல்யாணமாகி மும்பைக்கு வந்த புதிதில், ஹிந்தி தெரியாமல், காய்கறிக்காரரிடம்கூடக் கையைக் காட்டியே பேசிக்கொண்டிருந்தேன். பேசாமல் பேசாமல் வாயே துருப்பிடித்துவிடும் போலிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அறைக்குள் நுழைந்தபோது, முன்பின் தெரியாத ஒரு பெண்மணி, 'வாம்மா, சாப்ட்டியா?' என்றார். நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். அந்த அறை இல்லாத மும்பையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சொசைட்டியின் செயலாளர் பரேஷ் பாய் நல்ல மனிதர். ஆனால் எதையும் போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். (மழை பெய்கிறதா என்று ஜன்னலைத் திறக்காமல் போனில் பார்க்கும் ரகம்.) நாங்கள் குழுவாகப் போய் அவரைப் பார்த்தபோது அவர் மென்மையாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

“மேடம், மைனே ஆப்கா மன்றம் சர்ச் கியா. குச் நஹி ஆயா.”

தேடினாராம். ஒன்றுமே வரவில்லையாம். கூட்டத்தில் யாராவது 'இவர்கள் யார்' என்று கேட்டால் தாம் எதைக் காட்டுவது என்றார்.

வெளியே வந்ததும் அண்ணாச்சி பொங்கிவிட்டார். “என்னது, நாம இல்லியாமா? ஞாயித்துக்கெழம தோறும் இங்கன வந்து தொண்ட கிழியக் கத்திட்டுக் கெடக்கோம், அவன் நாம இல்லைங்கான்!”

“இண்டர்நெட்ல இல்லேங்கறான் அண்ணாச்சி. இந்தக் காலத்துல அதுல இல்லேன்னா எதுலயும் இல்லேன்னு அர்த்தம்,” என்றார் வைத்தி மாமா.

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பது எனக்குக் கைவராத கலை.

“கலைக்களஞ்சியத்துல போட்டுடலாம் அண்ணாச்சி. யார் வேணா எழுதலாம். அஞ்சு நிமிஷ வேலை,” என்றேன். அதோடு நிற்காமல், திரும்பி மாடியேறிப் போய், கூட்டத்தன்று புரொஜக்டர் வைத்துப் பெரிய திரையில் காட்டுவதாகப் பரேஷ் பாயிடமும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மன்ற அறையில் எழுத்துப் பணி தொடங்கியது. நான் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தேன். என் தலைக்குப் பின்னால் செயற்குழு முழுவதும் மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. கணக்கு தொடங்க ஒரு பயனர் பெயர் கேட்டது. மன்றத்தின் பெயரையே கொடுத்தோம். வைத்தி மாமா ஆண்டு விழா மலரைப் பிரித்து வைத்துக்கொண்டு கண்ணை மூடிச் சொல்ல ஆரம்பித்தார். (அவர் எழுதியதுதான், மனப்பாடம். மலர் சும்மா ஒரு கெத்துக்கு.)

“அரபிக் கடலின் அலையோசைக்குப் போட்டியாகத் தமிழோசை முழங்கும் மாநகராம் மும்பையிலே, மாட்டுங்கா எனும் மாண்புறு பகுதியிலே, தன்னலம் கருதாத் தகைமையாளர், தாராவி தந்த தங்கம், தோல்பைத் தொழில் வேந்தர், அண்ணாச்சி செல்லையா அவர்களின் பொற்கரங்களால்...”

வாக்கியம் முடிவதற்குள் எனக்கு டீ வந்து, ஆறி, திரும்பவும் சூடாகி வந்தது.

“மாமா, கலைக்களஞ்சியத்துல இவ்வளவு அடைமொழி போடலாமா?” என்று கேட்டேன்.

“அடைமொழி இல்லாம வெறும் பேரை மட்டும் எழுதறதுக்கு இதென்ன ரேஷன் கார்டா? நீ பேசாம டைப் பண்ணு.”

கட்டுரை முடியும் தறுவாயில் அண்ணாச்சி முகத்தைச் சுருக்கினார். “எல்லாம் சரிதான். உபயம் எங்க?”

“எதுக்கு அண்ணாச்சி உபயம்?”

“பொறவு? ஒரு பொருளு பொதுவுல வைக்கோம்னா யாரு வச்சான்னு போட வேண்டாமா தாயி? நாளைக்கு உலகமே படிக்கும்.”

அதற்கு அப்புறம் அந்த அறையில் நடந்ததை ஏலம் என்று சொன்னால் தப்பில்லை. பத்திகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். முதல் பத்தி உபயம் அண்ணாச்சி குடும்பத்தார். பொங்கல் விழா பற்றிய பத்தியை, பொங்கலுக்கு வெல்லம் தருகிறவர் எடுத்துக்கொண்டார். பட்டிமன்றப் பத்திக்கு இரண்டு பேர் போட்டியிட்டதால் அதை நடுவில் வெட்டி இரண்டாக்கினேன். கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சிவிட்டார். அவர் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்காமல், 'வெளி இணைப்புகள்' என்ற தலைப்பை அவருக்குக் கொடுத்தோம். அதில் இணைப்பு ஒன்றும் கிடையாது, அவர் பெயர் மட்டும்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் வந்துவிடும் என்று வைத்தி மாமா விரட்டினார். வாசலில் தேங்காய் உடைத்தோம். அண்ணாச்சி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, மின்விசிறிச் சுவிட்சை அமுக்கும் வேகத்தில் 'வெளியிடு' பொத்தானை அமுக்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக்கூடக் கொஞ்சம் புல்லரித்தது.

தட்டில் இருந்த வடை தீரவில்லை. கட்டுரையின் தலைக்கு மேலே சிவப்புப் பெட்டி ஒன்று முளைத்துவிட்டது. 'இக்கட்டுரை விரைந்து நீக்கப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது.'

கீழே ஒரு கடிதம். எழுதியவர் பெயர், பயனர்: பனங்கிழங்கு.

'வணக்கம். தங்கள் ஆர்வத்திற்கு நன்றி. ஓர் அமைப்பு தன்னைப் பற்றித் தானே கட்டுரை எழுதுவது நலமுரண் ஆகும். அமைப்பின் பெயரில் பயனர் கணக்கு வைத்திருக்கவும் இயலாது. உரை முழுவதும் வேறொரு வெளியீட்டிலிருந்து படியெடுக்கப்பட்டுள்ளது. புகழ்ச்சி மிகுந்துள்ளது. ஒவ்வொரு பத்தியின் இறுதியிலும் வரும் உபயதாரர் பெயரின் தேவை விளங்கவில்லை. தங்களைச் சாராத மூன்றாம் தரப்பினர் தங்களைப் பற்றி எழுதியவற்றை ஆதாரமாகத் தரவும். அன்புடன்.'

“படியெடுத்தோமா? நம்ம மலர்லேர்ந்து நாமளே எடுத்தா அதுக்குப் பேர் திருட்டா?” வைத்தி மாமா மலரை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“எம் பையை நானே தூக்கிட்டுப் போனா போலீசு புடிக்குமா?” என்றார் அண்ணாச்சி. பிறகு சட்டென்று கண்ணைச் சுருக்கினார். “இது செம்பூர்க்காரங்க சோலி.”

செம்பூர்க்காரர்கள் என்றால், ஒரு விழாவில் சிறப்பு விருந்தினருக்குப் பக்கத்து நாற்காலி கிடைக்காததால் எங்களிடமிருந்து பிரிந்து போய் அங்கே தனி மன்றம் கண்டவர்கள். எங்களுக்கு மழை பெய்து விழா கெட்டாலும் அது செம்பூர்க்காரர்கள் வேலைதான். ஒவ்வொரு தலையாக மெல்ல என் பக்கம் திரும்பியது. நான் செம்பூரில்தான் குடியிருக்கிறேன் என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்துவிட்டது.

“அண்ணாச்சி, நான் அங்க வாடகைக்குத்தான் இருக்கேன்!” என்றேன். இதை விடக் கேவலமான ஒரு தற்காப்பு வாதம் எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஆதாரம் கேட்டாரே, கொடுத்தோம். எங்கள் மலரைக் கொடுத்தோம். எங்கள் அழைப்பிதழ்களைக் கொடுத்தோம். டியூப் லைட்டைப் படம் எடுத்துப் போட்டோம். பழைய குழுப் படம் ஒன்றைப் போட்டதற்கு, 'படத்தின் உரிமை அதை எடுத்த புகைப்படக்காரருக்கு உரியது, அவர் அனுமதி தேவை' என்று பதில் வந்தது. “படத்துல பல்லக் காட்டிட்டு நிக்கது நானு. உரிமை அவனுக்கா?” என்று அண்ணாச்சி கேட்டார். அனுமதி வாங்கப் போகலாம் என்றால், அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது மோமோ கடை இருக்கிறது.

கட்டுரையை நீக்கலாமா வேண்டாமா என்று உரையாடல் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்று இருந்தது. அதைப் படித்துச் சொன்னதும் நான்தான். செயற்குழு மொத்தமும் மன்றத்து வைஃபையில் போனை இணைத்துக்கொண்டு ஆளுக்கொரு கணக்கு தொடங்கியது. நெறிமுறைப்படி தலைவர் முதலில். 'கட்டுரை இருக்க வேண்டும். இவண், தலைவர்.' அடுத்து, 'தலைவரை வழிமொழிகிறேன். இவண், துணைத் தலைவர்.' இப்படியே இணைச் செயலாளர் வரை வரிசையாக வந்தது.

பனங்கிழங்கு பதில் எழுதினார். இவை அனைத்தும் ஒரே இடத்திலிருந்து, ஒரே நடையில் வருவதால், ஒரே ஆள் நடத்தும் கைப்பாவைக் கணக்குகள் என்று முடிவு செய்யப்பட்டு முடக்கப்பட்டனவாம். வடைக்குத் தேங்காய்ச் சட்டினியா புதினாச் சட்டினியா என்பதில்கூட ஒன்றுபடாத எங்கள் செயற்குழுவை, ஒரே ஆள் என்று நம்பிய முதல் நிறுவனம் அதுதான்.

“சண்டை வேண்டாம். மனுஷா எல்லாரும் ஒண்ணுதான். ஒரு மரியாதை பண்ணிட்டா எறங்கி வந்துடுவா,” என்றார் வைத்தி மாமா.

மன்றத்தில் தீராத சிக்கல் எல்லாவற்றுக்கும் கடைசி மருந்து பொன்னாடை. மின்சார வாரியத்து ஆளுக்குப் போர்த்தியிருக்கிறோம், தண்ணீர் டாங்கர்காரருக்குப் போர்த்தியிருக்கிறோம். ஆகவே மாமா சொல்லச் சொல்ல நானும் பக்திபூர்வமாகத் தட்டினேன். 'மதிப்பிற்குரிய பனங்கிழங்கு அவர்களுக்கு, தங்கள் தமிழ்த் தொண்டைப் பாராட்டி, எங்கள் ஆண்டு விழாவில் தங்களுக்குப் பொன்னாடை போர்த்தி, நினைவுப் பரிசும் வழங்க விரும்புகிறோம். தாங்கள் எழுந்தருளி, கட்டுரையையும் காத்தருள வேண்டும்.'

அந்தக் 'கட்டுரையையும்' என்ற இடத்தில்தான் எல்லாம் கெட்டது. பனங்கிழங்கு இந்த முறை 'அன்புடன்' என்று முடிக்கவில்லை. மன்றத்தின் கணக்கையும் முடக்கினார்கள், கட்டுரையையும் தூக்கினார்கள்.

கூட்டத்துக்கு இன்னும் சில நாள்களே இருந்தன. அண்ணாச்சி பட்டறையிலிருந்து தினமும் போன் செய்தார். “தாயி, ஒன்னத்தான் நம்பி இருக்கோம். நீ ஐ.டி.ல்லா?” ஒவ்வொரு தடவையும் 'ஆமா அண்ணாச்சி' என்று சொல்லிவிட்டு, வண்டிப் பட்டியலைப் புரட்டுவேன். ஐரோலி கேன்டீனில் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து, என் சொந்தப் பெயரில் கணக்குத் தொடங்கி, அடைமொழிகளையும் உபயங்களையும் உருவிவிட்டு எழுதிப் பார்த்தேன். எலும்புக்கூடாக ஒரு கட்டுரை மிஞ்சியது. அதைப் போட்டேன். மேலே ஒரு மஞ்சள் பெட்டி மட்டும் வந்தது, 'ஆதாரம் தேவை' என்று. சிவப்புக்கு மஞ்சள் எவ்வளவோ தேவலை என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

சொசைட்டி கூட்டம் மொட்டை மாடியில் பந்தல் போட்டு நடந்தது. கட்டடத்தில் இருந்த குஜராத்திக் குடும்பங்கள், மராத்திக் குடும்பங்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். எங்கள் செயற்குழு வேட்டி சட்டையில் முன்வரிசையைப் பிடித்துவிட்டது. என் வீட்டுக்காரர் சங்கர் புரொஜக்டருக்குப் பக்கத்தில் நின்றார். (“கோமதி, எதுக்கும் ஒரு தடவை முன்னாடியே திறந்து பாத்துக்கோ” என்று அவர் சொன்னதையும், நான் “எனக்குத் தெரியாதா?” என்று கேட்டதையும் அவர் இன்றைக்கும் விருந்தாளிகளிடம் நடித்துக் காட்டுவார்.)

பரேஷ் பாய் எங்கள் முறை வந்ததும் என்னைக் கூப்பிட்டார். நான் கம்பீரமாக எழுந்து போய், லேப்டாப்பைத் திறந்து, பக்கத்தைத் தட்டினேன். சுவர் அகலத் திரையில் அது வந்தது.

'இப்பக்கம் நீக்கப்பட்டுள்ளது.' அதன் கீழே, 'இப்பயனர் கைப்பாவையாக இயங்கியமையால் காலவரையின்றித் தடை செய்யப்பட்டுள்ளார்.' அதன் கீழே, கொட்டை எழுத்தில் என் பெயர். எல்லாவற்றுக்கும் அடியில், பொடி எழுத்தில், பக்கத்தை நீக்கியதற்கான காரணம்.

தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் மூச்சை நிறுத்தினார்கள். தமிழ் தெரியாதவர்கள், என் பெயர் இவ்வளவு பெரிதாக வந்திருப்பதால் ஏதோ விருது என்று நினைத்து, பின்வரிசையில் கை தட்டினார்கள். நானும் புன்னகைத்தேன். அப்படியே சமாளித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பரேஷ் பாய் போனை உயர்த்தித் திரையைப் படம் எடுத்தார். அந்தப் போனுக்கு மொழிபெயர்க்கத் தெரியும். மைக்கில் வைத்தார். ஒரு பெண் குரல் தெளிவாக, நிதானமாக, மொட்டை மாடி முழுக்கக் கேட்கும்படி படித்தது.

“இஸ் சன்ஸ்தா கே மஹத்வ கா கோயி பிரமாண் நஹி ஹை.”

இந்த அமைப்பு முக்கியமானது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

அண்ணாச்சியின் தலை தொங்கிவிட்டது. அவர் தலை தொங்கி நான் பார்த்ததே இல்லை. வைத்தி மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று பார்க்கத் தோன்றியது. போனது போனதுதான், அறையைத் தொலைத்தவள் நான்தான்.

அப்போதுதான் பின்வரிசையில் ஒரு நாற்காலி கீழே சாய்ந்தது. மூன்றாம் மாடி ஜோஷி காகா எழுந்து நின்றார். எங்கள் அறை ஜன்னலுக்கு நேர் மேலே, அதே வரிசையில் மூன்றாம் மாடி ஜன்னல் அவருடையது. காகா என்றால் மராத்தியில் சித்தப்பா; மன்றத்துக்கோ அவர் பரம்பரை எதிரி. பட்டிமன்றம் தொடங்கினால் அவர் ஜன்னல் டமால் என்று சாத்தப்படும். நடுவர் அதையும் ஒரு கைதட்டலாக எடுத்துக்கொண்டு தொடர்வார். அவர் எழுந்ததும் எனக்கு மிச்சமிருந்த உயிரும் போயிற்று.

“பிரமாண் பாயிஜே?” என்று கர்ஜித்தார். “மீ தேதோ!”

ஆதாரம் வேண்டுமா, நான் தருகிறேன் என்கிறார். அதற்குப் பிறகு மராத்தியும் ஹிந்தியுமாக அவர் கொட்டியதைத் தமிழில் தருகிறேன். மூலத்தில் கோபம் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

“இவங்க இல்லைன்னு யார் சொன்னது? இவங்க இருக்கிறது எனக்குத் தெரியும்! ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்கி எழுந்தா 'ஹலோ, மைக் டெஸ்டிங்.' நான் வேலைக்குச் சேர்ந்தப்ப ஆரம்பிச்ச அந்த மைக் டெஸ்டிங், நான் ரிட்டயர் ஆகியும் முடியல. பொங்கல்னு ஒண்ணு பொங்கும், அது வழிஞ்சு என் ஸ்கூட்டர் டயர் வரைக்கும் வரும். ஒரே விஷயத்தை ரெண்டு கட்சியா நின்னு வருஷா வருஷம் கத்துவாங்க, ஒரு முடிவும் வராது. என் பொண்டாட்டி தவறிப் போனப்ப கேக்காமலே நாற்காலி எல்லாம் தூக்கிட்டு மேல வந்துட்டாங்க. தினமும் ஒரு தூக்குல ரசம். எனக்கு ரசம் பிடிக்குமான்னு ஒருத்தர் கேட்டாரா? கேக்கல! கொண்டுவந்து வச்சுட்டுப் போவாங்க. இப்ப ரசம் இல்லாம எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. இதுக்கு யார் பொறுப்பு?”

யாரோ சிரித்தார்கள். காகா அவர்கள் பக்கம் திரும்பி இன்னும் உரக்கக் கத்தினார்.

“ஒரு ஞாயிறு மைக் சத்தம் வரலைன்னா, கீழ யாருக்கு என்ன ஆச்சோன்னு நான் ஜன்னல்ல வந்து எட்டிப் பாக்கறேன். இந்த வயசுல எனக்கு இந்த வேலை தேவையா? நீங்க என்னடான்னா போன்ல தேடறீங்க!”

அவ்வளவுதான். திறந்துவிட்ட குழாய் மாதிரி ஆளாளுக்கு எழுந்து புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். இவர்கள் மன்றத்தில் கொடுக்கும் சுண்டல் சாப்பிட்டுவிட்டு என் பிள்ளை ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவதில்லை என்று ஒரு குஜராத்தி அம்மாள் சொன்னார். என் மகள் ஒருத்தி தமிழ் வகுப்பில் போய் உட்கார்ந்து, இப்போது என்னை எனக்குப் புரியாத பாஷையில் திட்டுகிறாள் என்று இன்னொருவர் சொன்னார். எங்களைப் பற்றி எங்களைச் சாராத மூன்றாம் தரப்பினர் இத்தனை பேர் இவ்வளவு விவரமாக, ஓர் அடைமொழிகூட இல்லாமல் பேசி நான் கேட்டதேயில்லை. பனங்கிழங்கு அங்கே இருந்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார்.

பரேஷ் பாய் போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, “இத்னா கம்ப்ளெயிண்ட்? அவுர் கியா பிரமாண் சாஹியே?” என்றார். இவ்வளவு புகாருக்கு மேல் வேறென்ன ஆதாரம் வேண்டும் என்று அவர் கேட்டதும் கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்த கை ஜோஷி காகாவுடையது. அறை எங்களுக்குத்தான் என்று முடிவாயிற்று. ஒரே ஒரு நிபந்தனை: மைக்கின் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் காகாவுக்கு மட்டும்தான் உரிமை.

அண்ணாச்சி ஓடிப் போய் காகாவைக் கட்டிக்கொண்டு அழுதார். காகா, “சோடோ, சோடோ” என்று திமிறினார். நான் இருவரையும் பார்த்துக்கொண்டே, லேப்டாப்பை மூட மறந்து, என் பெயரை இன்னும் கொட்டை எழுத்தில் எரியவிட்டுக்கொண்டு நின்றேன். சங்கர்தான் வந்து ஒயரைப் பிடுங்கினார்.

கட்டடத்தில் ஒருவருடைய மருமகன் மராத்திப் பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்தார். இந்தக் கூத்தைக் கேள்விப்பட்டு அவர் ஒரு சின்னச் செய்தி போட்டார். அதற்குச் சில மாதம் கழித்து ஒரு நாள் வைத்தி மாமா பதறிக்கொண்டு போன் செய்தார். கலைக்களஞ்சியத்தில் மன்றத்துக்குக் கட்டுரை வந்துவிட்டதாம்! எழுதியவர், வேறு யார், பனங்கிழங்கு. அந்தச் செய்திதான் ஆதாரம்.

அத்தனை பேரும் அறையில் கூடி அதைப் படித்தோம். படிக்க நேரமே ஆகவில்லை. 'ஞாயிறு மாலைத் தமிழ் மன்றம் மும்பை மாட்டுங்காவில் இயங்கும் ஓர் அமைப்பு. இதன் ஒலிபெருக்கியின் சத்தம் குறித்து அண்டை வீட்டாரான ஜோஷி என்பவர் நெடுங்காலமாக முறையிட்டு வந்தார். பின்னர் அவரே ஒலிபெருக்கியின் பொறுப்பை ஏற்றார்.'

அவ்வளவுதான் கட்டுரை.

“எம் பேரு எங்க தாயி?” என்றார் அண்ணாச்சி.

“இல்ல அண்ணாச்சி.”

“வைத்தி பேரு?”

“அதுவும் இல்ல.”

“அந்த ஜோஷி பேரு மட்டும் இருக்கா?”

வைத்தி மாமா, 'ஓர் அமைப்பு' என்பதற்கு முன்னால் 'புகழ்பெற்ற' என்று ஒரே ஒரு வார்த்தை மட்டும் சேர்த்துவிடுவதாகக் கெஞ்சினார். நாங்கள் அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தோம். பிறகு அண்ணாச்சி பெருமூச்சு விட்டு, “பரவால்ல. அடுத்த கூட்டத்துல நாமளும் யாருகிட்டயாவது சண்ட போடணும்,” என்றார்.

காகாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து லேமினேட் செய்து வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் தம் பெயர் எது என்று கேட்டு, அதன் மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொள்வார். மன்றத்துப் பீரோவில் பனங்கிழங்குக்காக வாங்கிய பொன்னாடை அப்படியே கிடந்தது. ஆண்டு விழா தோறும் வைத்தி மாமா மேடையில் நின்று, “பனங்கிழங்கு அவர்கள் இங்கே இருந்தால் மேடைக்கு வருமாறு அன்புடன் அழைக்கிறோம்” என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார். யாரும் வர மாட்டார்கள். பொன்னாடை திரும்பவும் பீரோவுக்குப் போகும்.

எங்கள் வீட்டில் இந்தக் கதை சாப்பாட்டோடு சாப்பாடாகக் கலந்துவிட்டது. அப்பளம் கருகினால் சங்கர், “விரைந்து நீக்கப் பரிந்துரை” என்று தட்டை நகர்த்துவார். நான் தலைவலி என்று படுத்தால், “மூன்றாம் தரப்பு ஆதாரம் இருக்கா?” என்பார். என் மாமியார்கூட, யாராவது தன்னைப் பற்றிப் பெருமை பேசினால், “முதல் பத்தி உபயம் யாரு?” என்று கேட்கப் பழகிவிட்டார்.

புதிய கட்டடத்தில், புதிய அறையில் நடந்த முதல் விழாவில் அண்ணாச்சி ஒரு முடிவுக்கு வந்தார். பொன்னாடையைப் பீரோவிலிருந்து எடுத்து, உதறி, “நம்மள்ல கலைக்களஞ்சியத்துல எடம் புடிச்ச ஒரே ஆளு அவருதான். அவருக்கே போத்திருவோம்,” என்றார். வைத்தி மாமா இருந்த அடைமொழிகளையெல்லாம் திரட்டிப் போட்டு அழைத்தார். ஜோஷி காகா கைதட்டலுக்கு நடுவே மேடை ஏறினார். பொன்னாடையை வாங்கிக்கொண்டார். நாலு வார்த்தை பேசும்படி கேட்டு மைக்கைக் கையில் கொடுத்தோம். காகா தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பெஹலே ஆவாஸ் கம் கரோ.”

முதலில் சத்தத்தைக் குறையுங்கள். சொல்லிவிட்டு அவரே குனிந்து குறைத்துக்கொண்டார்.